பின்னறையில் நீங்கள் பின்னிய வயர்கள்

மதினி,

இன்று காலை புது வீட்டுக்கு இன்டர்நெட் கொடுக்க ஓர் ஆள் வந்தார். கேபிள் சுருளின் உறையைக் கிழித்ததும் புதுப் பிளாஸ்டிக் நெடி கூடம் முழுக்க ஏறியது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. செருப்பைக்கூடப் போடாமல் படியிறங்கினேன், தெருமுனை வரை போனேன், திரும்பி வந்தேன், மறுபடி இறங்கினேன். எதையாவது தொலைத்துவிட்டீர்களா என்று கீழ்வீட்டுக்காரர் கேட்டார். இல்லை என்றேன். மேலே வந்தபோது அந்த ஆள் வேலையை முடித்திருந்தார். கதவோரம் தரையில் மூன்று வளையமாகக் கேபிள் கிடந்தது. "அப்படியே கிடக்கட்டும் சார், ஒன்றும் ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒன்றும் ஆகாது என்றுதான் நானும் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன்.

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உங்களுக்கு நான் எதையும் எழுதியதே இல்லை. எழுத வேண்டியிருக்கவில்லை, போன் இருந்தது. இப்போது போனில் சொல்ல முடியாது என்பதால் எழுதுகிறேன். இந்த நாலு வரி எழுதுவதற்குள் இரண்டு முறை எழுந்துவிட்டேன்.

சமயநல்லூரில் உங்கள் வீட்டு வாசலில் நான் வந்து இறங்கிய நாளை நினைக்கிறேன். சென்னையில் நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் கம்பெனி மூடிவிட்டது. அந்தச் சமயத்தில் அப்படி நிறைய மூடின. பழைய சாமான்களில் வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மற்றவர்கள் நாற்காலி எடுத்தார்கள், மேசை விசிறி எடுத்தார்கள். நான் மூன்று பழைய கம்ப்யூட்டர்களையும் இரண்டு மோடத்தையும் ஒரு சாக்கு நிறைய வயர்களையும் எடுத்துக்கொண்டு, மதுரைக்குக் காலியாகத் திரும்பிய ஒரு காய்கறி வேனில் ஏறிவிட்டேன். அண்ணன் தன் பம்ப்செட் கடையிலிருந்து சாப்பிட வந்திருந்தார். வேனைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார்.

"ஆளு வந்துருக்கியா, சாமான் வந்துருக்கா?" என்றார்.

"வந்த புள்ளைய உள்ள வான்னு சொல்லாம என்னங்க கேள்வி இது?" என்றபடி நீங்கள் சாக்கின் ஒரு முனையைப் பிடித்தீர்கள். "தம்பி, அந்தப் பின்னறையில எறக்குங்க. அரிசி மூட்டைய நான் அங்கிட்டுத் தள்ளிக்கிறேன்."

என் யோசனை ஒன்றும் பெரியதல்ல. கப்பலூரில் வரிசையாகச் சின்னச் சின்னத் தொழிற்சாலைகள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கம்ப்யூட்டர். சரக்குக் கணக்கும் கூலிக் கணக்கும் அதற்குள். கரண்ட் போய்ப்போய் வந்து அது செத்துப்போனால் கணக்கும் அதோடு போய்விடும். சாயங்காலம் பூட்டும் முன்பு அன்றைய கணக்கைப் போன் வழியாக என் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிட்டால் நான் அதை ஒன்றுக்கு இரண்டாகப் படியெடுத்துப் பத்திரமாக வைத்திருப்பேன். போன் கம்பியில் இரண்டு கம்ப்யூட்டர்களைப் பேசவைக்கும் சின்னப் பெட்டிதான் மோடம். அது பேசத் தொடங்கும்போது போடுகிற கிறீச்சலைக் கேட்டு முதல் நாள் நீங்கள் அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "ஆத்தாடி, எதையாச்சும் மிதிச்சிட்டீகளா தம்பி?" என்றீர்கள்.

அண்ணன் கடைக்கு ரப்பர் வாஷர் போடும் கப்பலூர் முதலாளி ஒருவர் மட்டும், அண்ணன் முகத்துக்காக, பார்க்கலாம் என்று சொன்னார். அவ்வளவுதான் என் வாடிக்கை. ஒருவருக்கு மூன்று கம்ப்யூட்டர்.

மற்ற நேரமெல்லாம் நடந்தேன். பஞ்சாலைச் சங்கு ஊதும்போது கிளம்புவேன். பைபாஸ் ரோட்டில் நின்று பெங்களூர் போகும் பஸ்களைப் பார்ப்பேன். வீட்டுக்கு வந்தால் உட்காரப் பிடிக்காது. ஒரு கம்ப்யூட்டரைக் கழற்றுவேன், இன்னொன்றில் மாட்டுவேன், வயரை உருவுவேன், போட்ட இடத்தில் போடுவேன். பின்னறையில் தரை தெரியாமல் போயிற்று. உங்கள் அரிசி மூட்டை மேலே ஒரு வயர், நீங்கள் கூடை பின்ன வாங்கி வைத்திருந்த பிளாஸ்டிக் வயர்க் கட்டுகள் மேலே ஒரு வயர், நடுத்தரையில் நாலு பிளக் செருகிய எக்ஸ்டென்ஷன் பெட்டி. "கால்ல சக்கரத்தைக் கட்டிக்கிட்டுப் பெறந்தீகளா?" என்று ஒரு நாள் கேட்டீர்கள். கேட்டுவிட்டுத் தாண்டித் தாண்டிப் போய் அரிசி அள்ளினீர்கள்.

அன்றும் நான் பைபாஸில்தான் இருந்தேன். திரும்பி வந்தபோது வீட்டில் விசிறி ஓடவில்லை. அண்ணன் மெயின் சுவிட்சை இறக்கியிருந்தார். நீங்கள் கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். சேலை நனைந்திருந்தது. இடது முழங்கையை வலது கையால் தாங்கியிருந்தீர்கள். உங்கள் மகள் பாப்பா பள்ளிக்கூடப் பையைக் கழற்றாமலே உங்கள் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"ஈரத் துணிய வச்சுத் தொடைச்சிருக்கா," என்றார் அண்ணன். குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஒன் பொட்டி தரையில கெடந்துருக்கு. தூக்கி அடிச்சிருச்சு. நான் பிளம்பர்ட்ட பேசிக்கிட்டு இன்னும் அஞ்சு நிமிசம் கடையில நின்னுருந்தேன்னு வையி…"

"அண்ணே…"

"செத்திருந்தா என்னடா பண்ணுவ? கம்ப்யூட்டர்ல கணக்கு எழுதி வைப்பியா?"

எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிடுகிறேன் என்றேன். அதைச் சொன்னதும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எடைக்குப் போட்டுவிட்டால் நான் ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறிவிடலாம்.

"யாரு எடைக்குப் போடச் சொன்னா?" என்றீர்கள் நீங்கள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் பேசினீர்கள். கை அப்படி வலித்திருக்கிறது. "ஏங்க, போன வருசம் கடையில மோட்டாரு ஒங்க கால்ல விழுந்துச்சு. கடையையா மூடுனீக? ஸ்டாண்டு செஞ்சு மோட்டார மேல தூக்கி வச்சீக. இதையும் தூக்கி வச்சா போதும்."

"நீ சும்மா இரு."

"ஞாயித்துக்கெழம கப்பலூர்க்காரரு தன் கணக்கு எங்கன இருக்குன்னு பாக்க வாராருல்ல. அவரு பாத்துட்டு சரின்னு சொன்னா இருக்கட்டும். இல்லாட்டி நானே எடைக்காரனைக் கூப்பிடுறேன்."

அண்ணன் உங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சட்டையைப் போட்டுக்கொண்டு உங்களை எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனார். முறியவில்லை, பிசகுதான் என்று கட்டுப்போட்டு அனுப்பினார்கள்.

மறுநாள் காலை பாப்பா பள்ளிக்குப் போனதும் நீங்கள் பின்னறை வாசலில் வந்து நின்றீர்கள். துண்டைக் கழுத்தில் கட்டி அதில் கையைத் தொங்கவிட்டிருந்தீர்கள். "மொதல்ல எல்லாத்தையும் வெளிய எடுங்க" என்றீர்கள்.

எடுத்தேன். பின்கட்டில் பாயை விரித்து வயர்களையெல்லாம் நீளவாக்கில் போட்டோம். நீங்கள் ஒவ்வொன்றாகக் காலால் தொட்டு, இது எதுக்கு, இது எங்கிருந்து எங்கே போகுது என்று கேட்டீர்கள். பாதிக்கு என்னிடம் பதில் இல்லை.

"வேலையே இல்லாத வயரு இம்புட்டு. எதுக்குத் தம்பி மெட்ராஸ்லருந்து சொமந்துக்கிட்டு வந்தீக?"

"இருக்கட்டும்னுதான் மதினி."

"பழைய கம்பெனிய விட மனசில்ல. அதான்." சாக்கைக் காட்டினீர்கள். பாதி வயர் திரும்பச் சாக்குக்குள் போயிற்று. அன்று சாயங்காலம் நான் நடக்கப் போகவில்லை. அதை அப்போது கவனிக்கவில்லை.

வாங்குவதற்குக் கையில் ஒன்றும் கிடையாது. இருப்பதை வைத்துத்தான் செய்ய வேண்டும். கம்ப்யூட்டர்களைத் தரையிலிருந்து தூக்க அண்ணன் கடையின் பழைய ஆங்கிள் ஸ்டாண்டைக் கேட்கலாமா என்றேன். "கேக்காதீக. நான் சொல்லிருக்கேன்" என்றீர்கள். மத்தியானம் அது ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவில் வந்து இறங்கியது. மோடங்களை எங்கே வைப்பது என்று நான் பலகை தேடிக்கொண்டிருந்தபோது, அடுப்படிச் சுவரில் மாட்டியிருந்த பாத்திர ஸ்டாண்டைக் கழற்றிக் கொண்டுவந்தீர்கள். தட்டுகள் நிற்கும் பிளவுகளில் மோடம் இரண்டும் அளவெடுத்ததுபோல் நின்றன. டம்ளர் கவிழ்க்கும் கம்பிகளில் மிச்ச வயரைச் சுற்றினோம். அந்த வாரம் முழுக்க வீட்டில் தட்டுகள் ஜன்னல் மேல் இருந்தன.

வியாழக்கிழமை அண்ணன் சாப்பிட்டுவிட்டுப் போன பிறகு வாசலில் ஒரு கட்டு இருந்தது. கடையில் வெட்டி மிஞ்சிய பிவிசி குழாய்த் துண்டுகள். ஒவ்வொன்றும் நீளவாக்கில் ஒரு பக்கம் ரம்பத்தால் அறுத்துப் பிளந்திருந்தது, வயரை உள்ளே அமுக்கிவிடத் தோதாக. சனிக்கிழமை அவரே பாதி நாளில் கடையை அடைத்துவிட்டு வந்து, பின்பக்கம் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, எர்த் கம்பி இறக்கினார். வேர்வையைத் துடைத்துக்கொண்டே, என்னிடம் அல்ல, சுவரிடம், "இனி அடிக்காது" என்றார்.

வயர்களைக் கட்டும் வேலையை நீங்கள் எனக்குக் கொடுக்கவில்லை. சென்னையில் அதற்கென்று பிளாஸ்டிக் பட்டை பாக்கெட்டாக வரும். உங்களிடம் கூடை வயர் இருந்தது. சிவப்பு, பச்சை, மஞ்சள். கரண்ட் வயருக்கெல்லாம் சிவப்பு, போன் வயருக்குப் பச்சை, ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்கு மஞ்சள். துண்டில் தொங்கிய கையின் விரல்களால் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால், கூடைக்குப் போடுகிற நெல்லிக்காய் முடிச்சுப் போட்டீர்கள். ஒவ்வொரு முடிச்சுக்கும் முகம் சுளித்தீர்கள். நான் வாங்கப் பார்த்தால் தரவில்லை.

"கையில ஒரு வேலை இருந்தா மனசு ஒரு எடத்துல ஒக்காந்துரும் தம்பி. இல்லேன்னா பேரையூருக்கும் இங்கிட்டுமா அலையும்" என்றீர்கள்.

அப்போதுதான் கேட்டேன், எங்கே போக நினைத்தீர்கள் என்று. உங்கள் பிறந்த ஊர் பேரையூரில் டைப்ரைட்டிங் ஹையர் முடித்ததைச் சொன்னீர்கள். பரீட்சை அறையில் உங்கள் மிஷினில் ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டதையும், அதை நகத்தால் தூக்கிவிட்டுக்கொண்டே அடித்துப் பாஸானதையும் சொன்னீர்கள். "கல்யாணமாகி வந்து இம்புட்டு வருசமாச்சு. என்னைய ஒரு வரி டைப் அடிச்சுத் தான்னு யாரும் கேட்டதே இல்ல." சொல்லிவிட்டு அடுத்த முடிச்சுக்குப் போய்விட்டீர்கள். நான் இத்தனை நாள் அந்த வீட்டில் நான் ஒருவன்தான் தவிக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

கடைசியாக, சனிக்கிழமைக் கணக்கு வந்து சேர்ந்த பிறகு, மூன்று நிற வயர்களையும் சேர்த்து, கல்யாணப் பெண்ணுக்குச் சடை பின்னுவதுபோல் ஒரே பின்னலாகப் பின்னிச் சுவரோடு இறக்கினீர்கள். அவ்வளவு அழகு. தெருப் பெண்கள் இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கப்பலூர் முதலாளி வந்தார். வெள்ளை வேட்டி, கக்கத்தில் தோல் பை. பின்னறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

"இம்புட்டுதானா?" என்றார். "ஏதோ பேங்கு மாதிரி இருக்கும்னு நெனச்சேன்."

நான் விளக்கத் தொடங்கினேன். நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. சுவரில் இறங்கிய பின்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல ஏங் கணக்கு எதுல வருது?"

"பச்சையிலய்யா. இந்த ஓட்டை வழியா உள்ள வந்து, இந்தத் தட்டு ஸ்டாண்டுக்குப் போயி, அங்கிட்டு மஞ்சள்ல மாறி, பெரிய பொட்டிக்குள்ள போயிரும்" என்றீர்கள் நீங்கள், கதவோரமிருந்து. அவர் குனிந்து பச்சையை விரலால் தொட்டுக்கொண்டே கடைசி வரை போனார். நிமிர்ந்தபோது முகம் கொஞ்சம் இளகியிருந்தது.

"சரி, நம்ம ஆளு அங்க ஃபேக்டரியில ஒக்காந்துருக்கான். அனுப்பச் சொல்லுவோமா?"

மோடம் கிறீச்சிட்டது. பிடித்தது. உடனே அறுந்தது. மறுபடி கிறீச்சிட்டது, பாதி வந்தது, அறுந்தது. மூன்றாம் தடவையும் அப்படியே. அண்ணன் முற்றத்தில் நின்றிருந்தார். நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"என்ன தம்பி, மூச்சு வாங்குது?" என்றார் முதலாளி.

நேற்று வரை ஒழுங்காக வந்தது இன்றைக்கு ஏன் வரவில்லை? அறைக்குள் இரண்டடி இங்கும் இரண்டடி அங்குமாக நடந்தேன். அப்புறம் கண்ணில் பட்டது. போன் வயரும் கரண்ட் வயரும் ஒன்றோடொன்று முறுக்கிக் கிடந்தன. கரண்டின் இரைச்சல் போனுக்குள் ஏறுகிறது. பிரிக்க வேண்டும். ஆனால் அதை எப்படிச் சொல்வது? உங்கள் விரல் முட்டிகள் இன்னும் சிவந்துதான் இருந்தன.

"மதினி," என்றேன்.

"சொல்லுங்க."

"பச்சையும் செவப்பும் சேந்து போகக் கூடாது. அதான் அறுந்து அறுந்து போகுது."

நீங்கள் ஒரு நிமிடம் அந்தப் பின்னலைப் பார்த்தீர்கள். பிறகு போய்க் கத்தரிக்கோல் எடுத்துவந்து, நாங்கள் எல்லாரும் பார்த்திருக்க, மேலிருந்து கீழ் வரை ஒவ்வொரு முடிச்சாக வெட்டினீர்கள். சின்னச் சின்ன நிறத் துண்டுகள் தரையில் விழுந்தன. "அழகுக்கா கட்டுனோம்?" என்றீர்கள். நான் பச்சையைத் தனியாக உருவி எதிர்ச்சுவர் வரை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்களே முதலாளியிடம், "இப்ப அனுப்பச் சொல்லுங்கய்யா" என்றீர்கள்.

மோடம் கிறீச்சிட்டது. பிடித்தது. நின்றது. திரையில் வாஷர் கணக்கு வரி வரியாக வந்து இறங்கியது.

முதலாளி காப்பி டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். என்னிடம் பேசவில்லை. அண்ணனிடம் போய், "வேலை தெரிஞ்சவன் எம்புட்டோ பேரு இருக்கான்ப்பா. தப்புன்னா ஒடனே பிரிச்சுக் கட்டுற ஆளு வீட்டுல இருக்கு. ஏங் கணக்கு இங்கனயே இருக்கட்டும்" என்றார்.

அவர் போன பிறகு இரண்டு கட்டாகத் திரும்பக் கட்டினீர்கள். சிவப்பு ஒரு சுவர், பச்சை ஒரு சுவர். "ஒரு சாண் தள்ளிப் போனா ரெண்டும் ஒழுங்கா வேலை பாக்குது. ஒங்க அண்ணனும் நீங்களும் மாதிரி" என்று சொல்லிச் சிரித்தீர்கள். அண்ணன் உள்ளே இருந்தார். காதில் விழுந்திருக்கும்.

அந்த முதலாளி மூலமாக இன்னும் மூன்று தொழிற்சாலைகள் வந்தன. கூலிக் கணக்கை டைப் அடிக்க ஆளில்லை என்று ஒருவர் சொன்னபோது, நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள், "தாளைக் குடுத்து விடுங்க" என்றீர்கள். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் கப்பலூரிலிருந்து பஸ்ஸில் ஒரு கவர் வரும். முதல் வாரம் நீங்கள் தட்டச்சு மிஷினில் அடிப்பதுபோல் பலமாக அடித்ததில் கீபோர்டின் எழுத்துச் சாவிகள் இரண்டு கழன்றுவிட்டன.

பெங்களூரில் எனக்கு வேலை கிடைத்ததும் இதையெல்லாம் மூடிவிடலாம் என்று நினைத்தேன். நீங்கள் இட்லி மாவு கரைத்துக்கொண்டிருந்தீர்கள். "நீங்க போங்க தம்பி. ஒங்களுக்கு ரோடு வேணும். எனக்கு இந்த ரூமு வேணும்" என்றீர்கள். நான் போனேன். சந்தோஷமாகத்தான் போனேன்.

அங்கே போயும் கால் நிற்கவில்லை. கம்பெனி மாறினேன், வீடு மாறினேன். மாறாமல் இருந்தது ஞாயிற்றுக்கிழமைப் போன் மட்டும். "தம்பி, பச்சை ஊமையா இருக்கு" என்பீர்கள். எதைக் கழற்றி எதில் மாட்ட வேண்டும் என்று நான் சொல்லுவேன். ஒரு கோடையில் தூசி படியக் கூடாதென்று பழைய சேலையை ஸ்டாண்டைச் சுற்றித் திரையாகக் கட்டியதில் பெரிய கம்ப்யூட்டர் வெந்து நின்றேபோனது. "நான்தான் கொன்னுட்டேன்" என்று போனில் அழுதீர்கள். இன்னொன்றில் படி இருந்தது, எதுவும் போகவில்லை. அதற்குப் பிறகு தினமும் காலையில் ஒவ்வொரு கம்ப்யூட்டரின் முதுகிலும் புறங்கையை வைத்துப் பார்ப்பீர்களாம். பாப்பா சொல்லிச் சிரித்தாள். காய்ச்சல் பார்ப்பதுபோல என்றாள்.

அப்புறம் அந்தப் போன் வந்தது. காய்கறி வாங்கப் போன இடத்தில் தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தீர்களாம். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். நான் வந்து சேர்ந்தபோது உங்களை வெளியே கிடத்தியிருந்தார்கள். உங்களைப் பார்த்துவிட்டு எங்கே நிற்பதென்று தெரியாமல் நின்றேன். பந்தல்காரரோடு போய்க் கயிறு பிடித்தேன். தண்ணீர் லாரிக்குப் போன் பண்ணினேன். எல்லாரும் உட்கார்ந்து அழுதார்கள். என்னால் முடியவில்லை.

காரியங்கள் முடிந்து உறவெல்லாம் கலைந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை போன் அடித்தது. அதே முதலாளி. குரல் தணிந்திருந்தது. "தம்பி, கேக்கவே கூச்சமா இருக்கு. நாளைக்குக் கூலி போடணும். ரெண்டு வாரமா கையில எழுதி ஓட்டிட்டோம். தாளைக் குடுத்து விடவா?"

குடுத்து விடுங்கய்யா என்றேன். கவர் வந்தது. பின்னறைக் கதவைத் திறந்தேன். நான் விட்டுப்போன அறை இல்லை அது. கம்ப்யூட்டர்கள் மாறியிருந்தன, வயர்கள் கூடியிருந்தன, ஆனால் தரையில் ஒரு வயர்கூட இல்லை. எது எங்கே போகிறதென்று யாரிடம் கேட்பது? சிவப்பைத் தொட்டுக்கொண்டே போனேன். பச்சையைத் தொட்டுக்கொண்டே போனேன். எல்லாம் போக வேண்டிய இடத்துக்குத்தான் போயின. மூன்று நாற்காலி அகலம்கூட இல்லாத அந்த அறையில், உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

எழுத்துகள் கண்ணில் கலங்கின. தாளைப் பார்ப்பதா, சாவியைப் பார்ப்பதா என்று தடுமாறியபோது அண்ணன் வந்து வாசலில் நின்றார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தாளை என் கையிலிருந்து வாங்கினார். மூக்குக்கண்ணாடியை மாட்டினார்.

"பாண்டி. ஆறு நாள்" என்றார்.

அடித்தேன்.

"முருகேஸ்வரி. அஞ்சரை. சின்னச்சாமி. ஆறு. ஓவர்டைம் ரெண்டு."

ஒரு தாள் முடிந்து அடுத்த தாள் எடுத்தார். கவருக்குள் எட்டிப் பார்த்தார். இன்னும் நிறைய இருந்தது.

"வாரா வாரம் இம்புட்டையும் அவ ஒருத்தியாவா அடிச்சா?"

"ஆமாண்ணே."

"நான் கடையிலருந்து வந்ததும் சோறு எடுத்து வைன்னு இங்கனருந்து கூப்புடுவேன். ஒடனே எந்திரிச்சு வந்துருவா. அங்க பாதியில நிக்கிதுன்னு ஒரு நாளும் சொன்னதில்ல." தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். நான் சாவிகள் மேல் விரலை வைத்தபடி காத்திருந்தேன். அப்புறம், "கருப்பாயி. ஆறு" என்றார்.

எல்லாம் முடியச் சாயங்காலமாகிவிட்டது. அதற்குப் பிறகு சில மாதங்கள், தொழிற்சாலைகள் வேறு ஏற்பாடு செய்துகொள்ளும் வரை, பாப்பா கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வரும்போது அவளும், மற்ற வாரங்களில் ஒரு விரலால் தேடித் தேடி அண்ணனும் அடித்தார்கள். பம்ப்செட் விற்கும் மனிதர், மதினி. கடைசி ஆள் விலகியபோது நான் வந்து ஒவ்வொன்றாக நிறுத்தினேன். அண்ணன் சுவரில் இருந்த ஆணிகளைப் பிடுங்கி, ஓட்டைகளை வெள்ளைச் சிமெண்டால் அடைத்தார்.

இனி ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். நீங்கள் போன பிறகு, பெங்களூர் திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமை, நேரம் வந்ததும் கை தானாகச் சமயநல்லூர் நம்பரை அழுத்திவிட்டது. அண்ணன் எடுத்தார்.

"ஆங், இருடா, ஒன் மதினிட்ட…" என்றவர் நிறுத்திவிட்டார்.

இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் போனில் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான். அதற்கு மேல் எங்களுக்கு வழி தெரியாது. அவர் வைத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. பின்னால் லாரி ஒன்று போவது கேட்டது.

"சாப்ட்டியா?" என்றார்.

"சாப்ட்டேன். நீங்க?"

"ரசம் வச்சேன். உப்புப் பத்தல."

"எம்புட்டுப் போட்டீங்க?"

சொன்னார். அது போதுமா போதாதா என்று எனக்கும் தெரியவில்லை. இருந்தாலும் உப்பைப் பற்றி ரொம்ப நேரம் பேசினோம்.

இப்போது ஞாயிறுதோறும் பேசுகிறோம். உங்களைப் பற்றிப் பேசுவதில்லை. வாழைக்காய் விலை, பாப்பா படிப்பு, பைபாஸில் புதிதாக வந்த பாலம். எனக்கென்று நீங்கள் விட்டுப்போனது அந்த மனிதரைத்தான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

போன ஞாயிறு வீடு மாற்றும் அலைச்சலில் நான் கூப்பிடவில்லை. திங்கட்கிழமை, கடை திறக்கும் நேரத்தில், அவரே கூப்பிட்டார்.

"என்னடா, ஒடம்புக்கு என்ன?" என்றார்.